எடுத்துக்கொண்டது போக

தமிழில் உள்ளுறுப்புகளுக்குப் பெயர் வைத்தவர்கள் பெரும்பாலும் கண்ணாலும் கையாலும் அறிந்ததைக் கொண்டே வைத்திருக்கிறார்கள். கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என்று கல்லும் மண்ணும் நுரையும் உடலுக்குள் போய் உட்கார்ந்திருக்கின்றன. இறைச்சிக்கடைகளில் இன்னும் சிலர் சொல்லும் குண்டிக்காயும் அந்த வழக்கில் வந்த சொல்தான். பாடப்புத்தகத்துக்கு அந்தச் சொல் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். அதன் இடத்தில் சிறுநீரகம் வந்து நிலைத்துவிட்டது. உறுப்பு எப்படி இருக்கிறது என்பதை விட்டுவிட்டு அதிலிருந்து என்ன வழிகிறது என்பதை வைத்துச் சூட்டிய பெயர் இது. சமையலறைக்கு அங்கணக்குழியின் பெயரை வைத்தால் எப்படி இருக்கும்? அங்கணக்குழி இல்லாமல் சமையலறை நடக்காதுதான். ஆனால் அந்த அறை எதற்காக இருக்கிறது என்பதை அந்தப் பெயர் சொல்லாது. இந்த உறுப்பு உண்டாக்குவது இரத்தத்தின் சேர்மானத்தை. நம் உயிரணுக்கள் ஒவ்வொன்றும் மூழ்கிக் கிடக்கும் உப்புநீரின் அளவையும் சுவையையும். சிறுநீர் அந்த வேலையில் மிஞ்சுவது. இது சொல்லைப் பற்றிய வெறும் சண்டை அல்ல. பெயர் தந்த பிழையான படத்தை வைத்துக்கொண்டு பார்த்தால் சிறுநீர் ஏன் உண்டாகிறது என்ற கேள்விக்கே தவறான விடைதான் கிடைக்கும்.

பிழையான படம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: சிறுநீரகம் ஒரு வடிகட்டி, அழுக்கு இரத்தம் உள்ளே போகிறது, சுத்த இரத்தம் வெளியே வருகிறது. டீ வடிகட்டியில் சக்கை மேலே நிற்கும், வேண்டியது கீழே இறங்கும். சிறுநீரகத்தில் உருவத்தில் பெரியவை மட்டுமே மேலே நிற்கின்றன. இரத்த அணுக்களும் பெரும்பாலான புரதங்களும். தண்ணீர், உப்பு, சர்க்கரை, அமினோ அமிலங்கள், யூரியா என்று சிறியவை அத்தனையும் நல்லது கெட்டது பாராமல் கீழே கொட்டப்படுகின்றன. நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் மேலான இரத்தம், அதாவது இதயம் வெளித்தள்ளுவதில் ஐந்தில் ஒரு பங்கு, இரண்டு சிறுநீரகங்களுக்கும் வருகிறது. ஒவ்வொன்றிலும் நெஃப்ரான் என்ற நுண் அலகுகள் ஏறக்குறைய பத்து லட்சம். அவற்றின் முனையில் இருக்கும் கிளாமருலஸ் என்ற நுண்குழாய் முடிச்சுகளின் வழியே நிமிடத்துக்குச் சுமார் 125 மில்லிலிட்டர் திரவம் கசிந்து இறங்குகிறது. ஒரு நாளைக்கு 180 லிட்டர். உடலில் இருக்கும் பிளாஸ்மாவோ மூன்று லிட்டர்தான். அந்த மூன்று லிட்டரும் ஒரு நாளில் அறுபது தடவை வெளியே கொட்டப்பட்டு அறுபது தடவை திரும்ப அள்ளப்படுகிறது. ஒரு நாளில் இப்படிக் கொட்டப்படும் உப்பு ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. சர்க்கரை 180 கிராம். கடைசியில் வெளியேறுவது ஒன்றரை லிட்டர் நீரும் சில கிராம் உப்பும்; சர்க்கரை ஏறத்தாழ ஒன்றுமில்லை. அள்ளும் வேலை மட்டும் அரை மணி நேரம் நின்று, கொட்டும் வேலை அதே வேகத்தில் தொடர்ந்தால் பிளாஸ்மா முழுவதும் தீர்ந்துவிடும்.

பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது செய்வது இதைத்தான். எது வேண்டாதது என்று ஒவ்வோர் அலமாரியாகத் தேடிக்கொண்டிருப்பதில்லை. அண்டா குண்டான், பாய் தலையணை, பெட்டி படுக்கை எல்லாவற்றையும் திண்ணைக்கும் தெருவுக்கும் கொண்டுவந்து போட்டுவிட்டு, வேண்டியதை மட்டும் எடுத்து உள்ளே வைப்பார்கள். யாரும் எடுக்காமல் கிடப்பது தானாகவே குப்பையாகிவிடும்.

சிறுநீரகமும் இப்படித்தான் செய்கிறது என்பது நிறுவப்பட்ட விதம் சுலபமானதாக இல்லை. சிறுநீர் சிறுநீரகத்திலிருந்துதான் வருகிறது என்பதையே இரண்டாம் நூற்றாண்டில் மருத்துவர் காலென், விலங்குகளின் சிறுநீர்க்குழாய்களைக் கட்டிப்போட்டு, சிறுநீர்ப்பை காலியாகக் கிடப்பதைக் காட்டி நிரூபிக்க வேண்டியிருந்தது. 1666இல் மால்பிகி நுண்ணோக்கியின் கீழ் சிறு உருண்டைகளைப் பார்த்தார். அந்த உருண்டையைச் சுற்றிய கிண்ணம் நீண்ட குழலாகத் தொடர்கிறது என்பதை 1842இல் பௌமன் காட்டினார். அதன் பிறகுதான் உண்மையான சண்டை தொடங்கியது. இரத்த அழுத்தம் திரவத்தைப் பிழிந்து தள்ளுகிறது, குழல் அதைத் திரும்ப உறிஞ்சுகிறது என்றார் கார்ல் லுட்விக். அவ்வளவு திரவத்தைக் கொட்டி அள்ளுவது நம்பத்தக்கதல்ல, குழலின் செல்களே கழிவைத் தேர்ந்து சுரக்கின்றன என்றார் ஹைடன்ஹைன். சாயத்தைச் செலுத்தி அது குழலின் செல்களில் சேர்வதையும் காட்டினார். இரு தரப்பிலும் சான்று இருந்ததால் வழக்கு அரை நூற்றாண்டு இழுத்தது. 1924இல் ஃபிலடெல்ஃபியாவில் வேர்னும் ரிச்சர்ட்ஸும் வெளியிட்ட சோதனைதான் தராசைச் சாய்த்தது. தவளையின் கிண்ணம் ஒன்றுக்குள் முடியினும் மெல்லிய கண்ணாடிக்குழாயைச் செருகி, இறங்கிய திரவத்தில் ஒரு துளிக்கும் குறைவானதை உறிஞ்சி எடுத்தார்கள். அதில் புரதம் இல்லை. ஆனால் சர்க்கரையும் குளோரைடும் இருந்தன. அதே தவளையின் பையில் இருந்த சிறுநீரிலோ சர்க்கரை இல்லை. கொட்டப்பட்டது எங்கோ வழியில் அள்ளப்பட்டிருக்கிறது.

ஹைடன்ஹைனின் வியப்பில் இன்றும் நியாயம் உண்டு. ஒன்றரை லிட்டரை வெளியேற்ற 180 லிட்டரைக் கொட்டுவானேன்? கொட்டுவதற்குச் சிறுநீரகம் தனியாக எதுவும் செலவழிப்பதில்லை, இதயத்தின் அழுத்தம் போதும். அள்ளுவதற்குத்தான் செலவு. உடல் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத இந்த உறுப்பு, நாம் சும்மா இருக்கும்போது எரியும் பிராணவாயுவில் பத்தில் ஒரு பங்கை நெருங்கும் அளவு எடுத்துக்கொள்கிறது. அதில் பெரும்பகுதி சோடியத்தைத் திரும்ப இழுப்பதற்கே போகிறது. இந்த ஊதாரித்தனத்துக்கு ஒரு தர்க்கம் இருக்கிறது என்பதே என் வாதம். நஞ்சைத் தேடிப்பிடித்து வெளியேற்ற வேண்டுமானால் ஒவ்வொரு நஞ்சையும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலுக்கு முடிவில்லை. காட்டுக்கிழங்கின் சாறு முதல் போன வருடம் ஆய்வகத்தில் பிறந்த மூலக்கூறு வரை. வேண்டியவற்றின் பட்டியல் சிறியது, பல கோடி ஆண்டுகளாகப் பெரிதாக மாறாதது: தண்ணீர், சோடியம், பொட்டாசியம், கால்சியம், பைகார்பனேட், குளுக்கோஸ், அமினோ அமிலங்கள், இன்னும் சில. சிறுநீரகத்துக்குப் பரிச்சயமானது இந்தச் சிறிய பட்டியல்தான். அதில் இல்லாதது என்னவென்று தெரியாமலேயே அதை வெளியே விட்டுவிடுகிறது. அறியாமையை இவ்வளவு சாமர்த்தியமாகப் பயன்படுத்தும் ஏற்பாடு வேறொன்று உண்டா என்று தெரியவில்லை. இதற்கு நல்ல சாட்சி இந்த ஏற்பாடு ஏமாறும் இடம். மனநோய்க்குக் கொடுக்கப்படும் லித்தியம் குழலின் கண்ணுக்குச் சோடியம்போலத் தெரிகிறது. ஆகவே சோடியத்தோடு அதையும் அள்ளிக்கொள்கிறது. உடலில் உப்புக் குறைந்து குழல் சோடியத்தை ஆவலாக இழுக்கும் நாட்களில் லித்தியமும் ஏறி நஞ்சாகிவிடும். நஞ்சை அறியும் உறுப்பாக இருந்தால் இந்தத் தவறு நேராது. வேண்டியதை மட்டும் அறிந்த உறுப்பு, வேண்டியதின் வேடத்தில் வருவதிடம் தோற்கிறது.

ஹைடன்ஹைன் முழுக்கத் தோற்றுவிடவில்லை; இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பும் அவர் பக்கத்திலிருந்துதான் வருகிறது. 1941 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு போலீஸ்காரருக்கு முதன்முதலாக பெனிசிலினை ஊசியாகச் செலுத்தி நோயைத் தீர்க்க முயன்றார்கள். மருந்தோ மிகக் கொஞ்சம். ஊசி போட்ட சில மணி நேரத்தில் அதில் பெரும்பகுதி சிறுநீரில் போய்விட்டது. அந்தச் சிறுநீரைச் சேகரித்து, மருந்தைப் பிரித்தெடுத்து, மறுபடியும் அவருக்கே செலுத்தினார்கள். தேறி வந்தவர் மருந்து தீர்ந்ததும் மார்ச்சில் இறந்துபோனார். வெறும் கசிவினால் மட்டும் இவ்வளவு வேகமாக ஒரு பொருள் வெளியேற முடியாது. குழலின் செல்களே பெனிசிலினை இரத்தத்திலிருந்து பிடித்து உள்ளே தள்ளுகின்றன. இதைத் தடுக்கவே பின்னாளில் புரோபெனசிட் என்ற மருந்து வந்தது. அப்படியானால் சிறுநீரகம் கழிவை அடையாளம் காணத்தானே செய்கிறது? ஓரளவு ஆம். ஆனால் அது காண்பது எதை என்று பார்க்க வேண்டும். பெனிசிலின் மருந்தாக வருவதற்கு முன்பே அதை வெளியேற்றும் கதவு தயாராக இருந்தது. அந்தக் கதவு ஒரு குறிப்பிட்ட மூலக்கூறுக்கானதல்ல. எதிர்மின்னேற்றம் கொண்ட கரிமப் பொருள் என்ற தோராயமான அங்க அடையாளம் இருந்தால் போதும், பெனிசிலினோ யூரிக் அமிலமோ சாயமோ எதுவானாலும் வெளியே தள்ளப்படும். ஆள் யாரென்று தெரியாத காவலாளி சட்டையின் நிறத்தைப் பார்த்து வெளியே அனுப்புவதுபோல. இங்கேயும் நஞ்சைப் பற்றிய அறிவு ஏறக்குறைய பூஜ்யம்தான்.

இன்னும் ஒரு படி மேலே போகும் மறுப்பும் உண்டு. சில கடல்மீன்களுக்குக் கிளாமருலஸே கிடையாது. தேரைமீன் என்று சொல்லத்தக்க ஒரு மீனை 1920களில் மார்ஷல் ஆராய்ந்தார்: கொட்டுதல் இல்லை, சுரத்தல் மட்டுமே, சிறுநீர் உண்டாகிறது, மீனும் நன்றாகவே வாழ்கிறது. ஆகவே கொட்டி அள்ளுவதுதான் ஒரே வழி என்று நான் சொல்ல முடியாது. உப்புக்கடலில் நீரை இழந்துகொண்டே வாழும் மீனுக்கு நீரைக் கொட்டும் உறுப்பு பாரம். அது அதைக் கைவிட்டிருக்கிறது. நன்னீரில் வாழும் மீனுக்கு நீர் ஓயாமல் உள்ளே ஊறுகிறது. அதற்கு அந்த உறுப்பு வரம். முதுகெலும்பிகள் நன்னீரில்தான் தோன்றின, கிளாமருலஸ் அங்கே பிறந்த வெள்ள வடிகால் என்று ஹோமர் ஸ்மித் 1953இல் வெளிவந்த தம் நூலில் அழகாக வாதிட்டார். அழகு போதவில்லை. கடலோடு ஒரே உப்புச்செறிவில் வாழும் ஹேக்மீனுக்கும் கிளாமருலஸ் இருக்கிறது. முதுகெலும்பிகளின் தோற்றம் கடலில்தான் என்று கருதுவோர் இன்று அதிகம். உறுப்பின் பிறந்த ஊர் எதுவானாலும், தரைக்கு வந்த விலங்குக்கு அது ஒரு சிக்கலைக் கொடுத்தது. நீரைக் கொட்டுவதில் தேர்ந்த கருவியை வைத்துக்கொண்டு நீரைச் சேமித்தாக வேண்டும். பாலூட்டிகள் இதற்குக் கண்ட வழி ஹென்லே வளைவு. சிறுநீரகத்தின் உட்பகுதியில் இரத்தத்தைப்போல நான்கு மடங்கு செறிவான உப்புச்சேறு ஒன்றை அது நிறுத்தி வைக்கிறது. மூளையிலிருந்து வாசோபிரசின் என்ற ஹார்மோன் வந்து குழலின் நீர்க்கதவுகளைத் திறந்தால் தண்ணீர் அந்த உப்பை நோக்கித் தானே வெளியேறி இரத்தத்துக்குத் திரும்புகிறது. அந்த ஒரு கட்டளை இல்லாமல் போனால் நாளைக்குப் பத்துப் பதினைந்து லிட்டர்வரை சிறுநீர் போகும். மதுக்கடையிலிருந்து வந்தவர் சுவரோரம் அடிக்கடி ஒதுங்குவதற்கும் காரணம் இதுதான். சாராயம் அந்தக் கட்டளையை அடக்குகிறது.

யூரியா கழிவுதானே, அதை வெளியேற்றத்தானே இத்தனையும் என்று கேட்கலாம். புரதத்தை எரித்தால் அம்மோனியா வரும். அது கொடிய நஞ்சு. மீன் அதைச் செவுள் வழியே நீரில் விட்டுவிடும். சுவரில் ஓடும் பல்லி அதை யூரிக் அமிலமாக்கி, நீரே இல்லாத வெள்ளைக் கட்டியாகப் போடும். பல்லி எச்சத்தின் நுனியில் இருக்கும் வெள்ளைப் புள்ளிதான் அதன் சிறுநீர். நம் கல்லீரல் அம்மோனியாவை யூரியாவாக்குகிறது. கவனிக்க வேண்டியது, நஞ்சு நீக்கும் வேலை இங்கேயே முடிந்துவிட்டது, சிறுநீரகத்துக்கு வருமுன்பே. யூரியா ஓரளவு சாதுவான பொருள். சிறுநீரகமும் அதைக் கண்டதும் விரட்டுவதில்லை. நான் சொன்ன உப்புச்சேற்றில், ஆழமான பகுதியில், ஏறக்குறைய பாதி யூரியாதான். குழலிலிருந்து வெளியே எடுத்து, சுற்ற விட்டு, நீரை மீட்கும் வேலைக்கு அதைப் பயன்படுத்திக்கொண்டு பிறகே அனுப்புகிறது. புரதம் குறைவாக உண்பவர்களால் சிறுநீரை முழு அளவுக்குச் செறிவாக்க முடிவதில்லை. கழிவு போதாமல் போவதால் வரும் குறை அது.

சிறுநீரகம் செயலிழந்தவர் சாவது நஞ்சு தேங்கித்தானே என்பது அடுத்த கேள்வி. தேங்கும் நஞ்சுகள் உண்டு; குடல் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் சில பொருள்கள் இரத்தத்தில் சேர்ந்து உடலைக் கெடுக்கின்றன. அதை மறுக்கவில்லை. ஆனால் அவசரமாகக் கொல்வது எது? பெரும்பாலும் பொட்டாசியம். உயிரணு ஒவ்வொன்றும் தனக்குள் நிறைத்து வைத்திருக்கும், இல்லாமல் இதயம் துடிக்காத அதே பொட்டாசியம், இரத்தத்தில் கொஞ்சம் ஏறினால் இதயத்தை நிறுத்திவிடும். அல்லது தண்ணீர்: நுரையீரலில் கோத்துக்கொண்டு மூச்சை அடைக்கிறது. வெயிலில் அலைந்து வந்தவருக்கு அமிர்தமான இளநீரைச் சிறுநீரக நோயாளி தொடக்கூடாது என்று மருத்துவர் எச்சரிப்பது அதில் நஞ்சு இருப்பதால் அல்ல, பொட்டாசியம் நிறைந்திருப்பதால். கணக்குப் பார்க்க ஆளில்லாத வீட்டில் செல்வமே கொல்கிறது. உப்பும் அப்படித்தான். 1988இல் வெளிவந்த இண்டர்சால்ட் ஆய்வில், உப்புச் சேர்க்காத அமேசான் காட்டு யானோமாமி மக்களின் சிறுநீரில் ஒரு நாளைக்கு வெளியேறிய சோடியம் ஏறத்தாழ ஒன்றுமில்லை. வட சீனத்தில் அதைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு. உறுப்பு ஒன்றேதான். ஓரிடத்தில் துளியும் விடாமல் அள்ளிக்கொண்டது சோடியத்தை. இன்னோரிடத்தில் வேண்டாமென்று விட்டதும் அதையேதான். சோடியம் கழிவா இல்லையா என்ற கேள்விக்கு இங்கே பொருளே இல்லை.

மிச்சத்தைப் பார்த்து இருப்பைக் கணிக்கலாம் என்பது பழைய மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்தது. சித்த மருத்துவத்தின் நீர்க்குறியும் நெய்க்குறியும் தேரையர் பெயரால் வழங்குகின்றன: காலைச் சிறுநீரில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, அது பாம்பாக நீண்டால் வாதம், மோதிரமாக வளைந்தால் பித்தம், முத்தாக நின்றால் கபம். எண்ணெய் பரவுவதில் உள்ள கணிப்பை நான் நம்பவில்லை. சிறுநீர் உள்ளிருக்கும் நிலையின் சாட்சி என்ற அடிப்படை சரிதான். மதுமேகம் என்ற பெயரே இனிக்கும் சிறுநீரைக் கண்டறிந்தவர்கள் வைத்தது. அந்த இனிப்பின் காரணம் அள்ளும் கைகளின் எண்ணிக்கை. இரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 180 மில்லிகிராமைத் தாண்டும்போது குழலின் கைகள் நிரம்பிவிடுகின்றன, மிஞ்சியது வழிகிறது. இப்போது மருத்துவம் வேண்டுமென்றே அந்தக் கைகளைக் கட்டுகிறது. ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835இல் பிரித்தெடுத்த புளோரிசின் சிறுநீரில் சர்க்கரையை வரவழைத்தது. அதன் வழியில் வந்த கிளிஃப்ளோசின் மருந்துகள் நாளொன்றுக்குப் பல பத்து கிராம் சர்க்கரையை வெளியே விடுகின்றன. நீரிழிவுக்காக வந்தவை, நீரிழிவு இல்லாதவரின் இதயத்தையும் சிறுநீரகத்தையும்கூடக் காக்கின்றன என்று பின்னர் தெரிந்தது. குழல் செய்யும் அள்ளும் வேலையின் சுமை குறைவது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று.

அள்ளுகிற கைதான் சுடுபடும் என்பதற்கு இலங்கையின் வடமத்திய மாகாணம் சாட்சி. அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்து விவசாயிகளிடம் 1990களிலிருந்து காணப்படும் சிறுநீரக நோய்க்கு நீரிழிவோ இரத்தக்கொதிப்போ காரணமல்ல. பூச்சிக்கொல்லி, கடினநீர், உலோகங்கள், வெயிலில் நீர் வற்றுதல் என்று சந்தேகங்கள் பல, முடிவு ஒன்றில்லை. தெளிவாகத் தெரிவது, அடிபடுவது முதலில் குழலும் அதைச் சுற்றிய திசுவும்தான். கிளாமருலஸ் பழுதானால் வரும் புரத ஒழுக்கு இதில் அதிகம் இல்லாததால் நோய் தாமதமாகவே கண்ணில் படுகிறது.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு குரல் வரும். சிறுநீர் நஞ்சல்ல என்றால் குடித்தால் என்ன? மொரார்ஜி தேசாய் பிரதமராக இருந்த காலத்திலேயே தாம் குடிப்பதை வெளிப்படையாகச் சொன்னவர். குடித்தவர் உடனே செத்துவிடமாட்டார். நல்ல சிறுநீரகம் இருந்தால் அதே உப்பையும் யூரியாவையும் மறுபடியும் விட்டுவிடும். உடல் அந்த வேளையில் வேண்டாமென்று கணக்கிட்டு விட்டதைத் திரும்ப வாசலில் கொண்டுவந்து வைப்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. தாகத்தில் இருப்பவருக்கு அதுவும் இல்லை. கடல்நீரைக் குடித்தவருக்கு அதன் உப்பை வெளியேற்ற, குடித்ததைவிட அதிகத் தண்ணீர் செலவாவதுபோல, ஏற்கெனவே செறிந்த சிறுநீரும் கொடுப்பதைவிடக் கேட்பதே அதிகம்.

நடைமுறைக்கு உதவும் செயற்கைச் சிறுநீரகத்தை முதலில் ஓட்டியவர் வில்லெம் கோல்ஃப். 1943இல், ஜெர்மானியர் பிடியில் இருந்த நெதர்லாந்தில், காம்பன் என்ற சிற்றூரில். சாசேஜுக்கு உறையாகப் பயன்பட்ட செல்லோஃபேன் குழாயை ஒரு மர உருளையில் சுற்றி, அதற்குள் இரத்தத்தை ஓடவிட்டு, உருளையை உப்புநீர்த் தொட்டியில் சுழலவிட்டார். இன்று நம் ஊர் டயாலிசிஸ் அறைகளில் இருப்பது அதன் பேரப்பிள்ளை. நான்கு மணி நேரத்தில் சுமார் 120 லிட்டர் நீர் அந்தச் சவ்வின் மறுபக்கம் ஓடிப்போகிறது. சவ்வுக்கு எந்த நஞ்சையும் தெரியாது, அதன் துளைக்குத் தெரிந்தது அளவு மட்டும்தான். எது உடலில் தங்க வேண்டும் என்ற அறிவு முழுவதும் அந்த நீரில் கரைந்திருக்கிறது; நோயாளியின் கட்டிலுக்குக் கீழே இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் கேன்களிலிருந்து எந்திரம் அதைக் கலந்துகொள்கிறது. பல மாதங்களாக ஒரு சொட்டுச் சிறுநீர்கூடக் கழிக்காத ஒருவர் மேலே படுத்திருப்பார். கேனின் மேல் ஒட்டிய தாளில் சோடியம், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம், குளோரைடு, பைகார்பனேட் என்று வரிசையாக அளவுகள் இருக்கும். யூரியாவின் பெயர் அதில் இருக்காது.